சுவருக்கு விலை உண்டு. வாசலுக்கு விலை இல்லையா?

(சட்ட மாணவரும் இளைஞரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சீன மொழியில் ஓரெழுத்தே ஒரு சொல்லாக நிற்பதுண்டு. அவற்றுள் ஒன்றைச் ‘சாய்’ என்று ஒலிப்பர். ‘இடி’, ‘தகர்’ என்பது அதன் பொருள். நம் தமிழிலும் அவ்வொலிக்கு ஏறக்குறைய அதுவே பொருளாக அமைந்தது தற்செயலே. வட்டமொன்றின் நடுவே அந்த எழுத்து ஒரு வீட்டுச் சுவரிலே தீட்டப்பட்டுவிட்டால், அவ்வீட்டின் ஆயுள் எண்ணப்பட்டுவிட்டது என்பதைச் சீன நகரங்களிலே சிறு பிள்ளையும் அறியும். 1990ஆம் ஆண்டுக்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில் அந்த எழுத்தைத் தம் சுவரிற் கண்டு குடிபெயர்ந்தோர் இலட்சக்கணக்கானோர்.

அந்த எழுத்தின் வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். “ஷங்காயில் இடிந்த வீட்டுக்கும் நமக்கும் யாது தொடர்பு?” என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு குடிமகனை அவன் வீட்டிலிருந்து எழுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கவேண்டும், அவ்வதிகாரத்துக்கு எல்லை யாது என்ற கேள்வி சட்டம் உள்ள நாடெங்கும் உண்டு. சீனத்தில் அக்கேள்வி பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பெரிய எழுத்து வாசிப்பதற்கு எளிது. ஆதலாலேயே அதனை எடுத்துக்கொண்டோம்.

ஒழுங்கையும் அதன் வாழ்வும்

நான்கிங் உடன்படிக்கையின்படி 1843ஆம் ஆண்டிலே ஷங்காய்த் துறைமுகம் அந்நிய வணிகருக்குத் திறந்துவிடப்பட்டது. பத்தாண்டு கழியுமுன் உள்நாட்டிலே பெருங் கலகங்கள் மூண்டன. உயிர் தப்பி ஓடிவந்த சீன மக்கள் அந்நியர் ஆண்ட பகுதிகளிலே அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்கு வாடகைக்கு விடவென்று வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. கல்லாலான நிலை, கருநிறம் பூசிய இரட்டைக் கதவு, உள்ளே சிறு முற்றம், மேலே ஒரு மாடி: இதுவே அவ்வீட்டின் அமைப்பு. ‘கல்நிலை வாயில்’ என்று பொருள்படும் ‘ஷிகுமென்’ என்னும் பெயர் அதற்கு வழங்கிற்று. பெருந் தெருவிலிருந்து ஒரு வாயில். அவ்வாயிலினுள்ளே ஓர் ஒழுங்கை. ஒழுங்கையின் இரு பக்கமும் வீடுகள். நூறாண்டு காலம் ஷங்காய் மக்களின் பெரும்பகுதியினர் பிறந்ததும் வளர்ந்ததும் மடிந்ததும் இத்தகைய ஒழுங்கைகளிலேதான். 1921ஆம் ஆண்டு யூலை மாதத்தில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு கூடியதும், அன்று பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதியிலிருந்த இத்தகைய வீடொன்றிலேதான். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இவ்விடத்துக்குத் திரும்புவோம்.

பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றும் கூட்டத்தினர் அல்லர் நாம். ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய அவ்வீடுகளிலே போர்க்காலத்திலும் அதன் பின்னும் ஐந்தாறு குடும்பங்கள் நெருக்குண்டு வாழ்ந்தன. படிக்கட்டின் இடைத்தட்டிலிருந்த சிற்றறைகூட ஒரு குடும்பத்துக்கு வீடாயிற்று. ஒரே குசினியில் பல அடுப்புகள் எரிந்தன. மலசலகூடம் இல்லை, மரவாளியே இருந்தது. விடியற்காலையில் அதனைச் சுமந்து சென்று கழுவுவது பெண்களின் அன்றாடக் கடமை. 1980ஆம் ஆண்டளவில் ஷங்காய் நகரவாசி ஒருவருக்குச் சராசரியாகக் கிடைத்த வசிப்பிடம் ஐந்து சதுர மீட்டருக்கும் குறைவு. ஒரு கட்டிலையும் ஒரு மேசையையும் இட்டால் நடப்பதற்கு இடமில்லை. இப்படி வாழ்ந்தவர்களிடம் சென்று, “உங்கள் ஒழுங்கை அழகானது, அதனை விட்டுப் போகாதீர்கள்” என்று உபதேசிக்க எவருக்கு உரிமை உண்டு? தனிக் குசினியும் குழாய்நீரும் கிடைத்தமைக்காக மகிழ்ந்து வெளியேறியோர் பலர். அந்த உண்மையை மறைத்தால் நம் வழக்கு பொய்வழக்காகிவிடும்.

ஆகவே, பழைய வீட்டை மாற்றியது குற்றம் என்பது நம் வாதமன்று. மாற்றத்தை முடிவு செய்தவர் யார்? அதன் பயனை அடைந்தவர் யார்? நட்டத்தைச் சுமந்தவர் யார்? இவையே நம் கேள்விகள்.

வீடு யாருடையது? நிலம் யாருடையது?

சீனத்தின் 1982ஆம் ஆண்டு அரசியலமைப்பிலே பத்தாம் உறுப்பு ஒரே வரியில் இவ்வழக்கின் வேரைச் சொல்லிவிடுகிறது: நகரங்களிலுள்ள நிலம் அரசுக்குரியது. அதற்கு முன்னரே, 1950களின் பிற்பகுதியில், வாடகைக்கு விடப்பட்ட வீடுகளிற் பெரும்பாலானவை அரசின் நிருவாகத்துள் வந்திருந்தன. குடியிருந்தோர் அரசின் வாடகைக்காரர் ஆயினர். எஞ்சிய சிலருக்குச் சுவரும் கூரையும் சொந்தம். அவற்றைத் தாங்கிய மண் சொந்தமன்று.

நிலத்துக்கு விலையில்லாதிருந்த காலம் வரையில் இவ்வேற்றுமை எவரையும் உறுத்தவில்லை. 1988ஆம் ஆண்டிலே அரசியலமைப்புத் திருத்தப்பட்டது. நிலத்தை விற்க முடியாது. ஆனால் அதனைப் பயன்படுத்தும் உரிமையைக் குறித்த ஆண்டுகளுக்குக் கைமாற்றலாம் என்றாயிற்று. அதே ஆண்டில் ஷங்காயின் ஹொங்சியாவ் பகுதியிலே ஒரு நிலத்துண்டு ஐம்பதாண்டுக் குத்தகைக்கு அந்நிய முதலீட்டாளருக்கு விடப்பட்டது. 1994ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தம் வரிப்பணத்தின் பெரும்பங்கை நடுவண் அரசின் பக்கம் திருப்பியது. செலவு மாத்திரம் நகராட்சிகளின் தலையிலேயே தங்கியது. வருமானத்துக்கு வழி தேடிய நகராட்சிகளின் கண்ணில் பட்டது காலடியிலிருந்த நிலம்.

நண்பர்களே, இங்கேதான் கூர்ந்து நோக்கவேண்டும். நேற்றுவரை விலையில்லாதிருந்த மண் இன்று பொன்னாயிற்று. அம்மண்ணின்மேல் குடியிருப்பவனோ நேற்றைய வாடகைக்காரனாகவே இருக்கிறான். அவன் வெளியேறினால் நிலத்துக்கு ஒரு விலை. வெளியேறாவிட்டால் வேறு விலை. அவ்விரு விலைகளுக்கும் இடையிலுள்ள பெருந்தொகையை நகராட்சியும் நிலக் கம்பெனியும் பங்கிட்டுக்கொள்ளலாம். அங்கே நாற்பது ஆண்டு வாழ்ந்தவன் அப்பங்கீட்டிற் சேராதவன்!

தலையை எண்ணுவதா, செங்கல்லை எண்ணுவதா?

ஷங்காய் நகராட்சி 1990களின் தொடக்கத்திலே ஒரு திட்டம் வகுத்தது. 36 இலட்சத்து 50 ஆயிரம் சதுர மீட்டர் பரப்புள்ள பாழடைந்த குடிசைகளையும் எளிய வீடுகளையும் 2000ஆம் ஆண்டு முடிவதற்குள் அகற்றுவது என்பதே அத்திட்டம். ‘365’ என்று அதனை அழைத்தனர். சொன்னபடி முடித்தும் காட்டினர். அக்காலத்தில் குடும்பத்தில் எத்தனைபேர் என்று எண்ணி, அதற்கேற்ப மாற்று வீடு கொடுப்பது வழக்கம். இதனை மக்கள் ‘தலையை எண்ணுதல்’ என்றனர். மாற்று வீடு நகருக்குப் புறத்தே வெகு தொலைவில் இருந்தது. தொழிலும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பழைய இடத்திலேயே நின்றன. எனினும் ஆறு பேருக்கு ஆறு பேருக்கான இடம் என்ற நியாயமாவது இருந்தது.

2001ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் நாள் புதிய விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. இனி வீட்டின் பரப்பை அளந்து, மதிப்பிட்டு, நட்டஈடு கொடுப்பது என்றாயிற்று. மக்கள் இதற்குச் ‘செங்கல்லை எண்ணுதல்’ என்று பெயரிட்டனர். பதினைந்து சதுர மீட்டரில் ஆறு பேர் வாழ்ந்த குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தலையை எண்ணினால் அது பெரிய குடும்பம். செங்கல்லை எண்ணினாலோ அது சின்னஞ்சிறு சொத்து. நெருக்கத்தில் வாடியதற்குத் தண்டனையாக மேலும் நெருக்கம்! வறுமைக்கு இதைவிடக் கொடிய கணக்கு வேறு உண்டோ?

அவ்விதிகளின் மற்றொரு கூறு சட்டம் படித்தவர்களைத் திடுக்கிட வைக்கும். இடிப்பதற்கான அனுமதிப் பத்திரத்தை நிலக் கம்பெனியே பெறலாம். குடியினரோடு பேரம் பேசுவதும் அக்கம்பெனியின் பக்கமே. பேரம் படியாவிட்டால் தீர்ப்பளிப்பவர் யார்? இடிப்பு நிருவாகத்துக்குப் பொறுப்பான அரசாங்கப் பகுதி. அனுமதிப் பத்திரம் கொடுத்த அதே பகுதி! அத்தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லலாம். ஆனால் நட்டஈடோ மாற்றிடமோ கொடுக்க முன்வந்துவிட்டால், வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டை இடித்துவிடலாம். இடிந்த வீட்டின் உரிமையாளன் கையில் தீர்ப்பை ஏந்திக்கொண்டு எந்த வாசலில் நிற்பான்?

கிழக்கு எட்டுத் தொகுதிகளின் வழக்கு

ஷங்காயின் நடுவே சிங்-ஆன் வட்டாரத்தில் ‘கிழக்கு எட்டுத் தொகுதிகள்’ என்று ஓர் இடம் உண்டு. 2002ஆம் ஆண்டளவில் அங்கு வாழ்ந்தோரை எழுப்பும் வேலை தொடங்கியது. குடியினர் கையிலே ஒரு பத்திரம் இருந்தது. பழைய குடியினர் அதே இடத்துக்குத் திரும்பி வருவதை ஊக்குவிக்கவென்று 2001ஆம் ஆண்டிலே நகராட்சி வெளியிட்ட விதிகளே அப்பத்திரம். “நிலத்துக்கான கட்டணம் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது எங்களைத் திரும்பக் குடியமர்த்துவதற்காக அன்றோ? சலுகையை அவர்கள் எடுத்துக்கொண்டு, எங்களைப் புறநகருக்கு அனுப்புவது எந்த நியாயம்?” என்பதே அவர்களின் வாதம். இடிக்காதே என்று அவர்கள் கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்று என்றே கேட்டார்கள். 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர்கள் நீதிமன்றப் படியேறினர்.

அவர்களுக்குச் சட்ட ஆலோசனை கூறியவர் செங் என்சோங் என்னும் வழக்கறிஞர். வீடிழந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குத் துணை நின்றவர். அதன் பயனாக 2001ஆம் ஆண்டிலேயே தொழில் நடத்தும் அனுமதியை இழந்தவர். மன்றில் எழுந்து வாதாட இயலாத நிலையிலும், வீட்டிலிருந்தவாறே மக்களுக்கு மனு எழுதவும் வாதிக்கவும் கற்றுக்கொடுத்தார். 2003ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர் கைதானார். அரசின் இரகசியங்களை வெளிநாட்டு அமைப்பொன்றுக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. மூடிய கதவுகளுக்குள்ளே விசாரணை நடந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கம்பெனிப் பக்கத்துச் செல்வந்தரும் தப்பவில்லை. 2004ஆம் ஆண்டிலே அவருக்கும் மூன்றாண்டுத் தண்டனை கிடைத்தது. பங்குச் சந்தையில் செய்த மோசடிக்காக! 2007ஆம் ஆண்டிலே இலஞ்சம் உள்ளிட்ட குற்றங்களுக்காகப் பதினாறு ஆண்டுத் தண்டனை பெற்றார். ஷங்காய் நகரின் கட்சிச் செயலாளராயிருந்த சென் லியாங்யூ 2006இல் பதவி நீக்கப்பட்டு, 2008இல் இலஞ்சத்துக்கும் அதிகாரத் துஷ்பிரயோகத்துக்குமாகப் பதினெட்டு ஆண்டுச் சிறை பெற்றார். நீதி வென்றது என்று எவரேனும் சொல்லலாம். நாம் அப்படிச் சொல்லத் தயங்குகிறோம். வழக்கறிஞருக்கு விதித்த தண்டனை வீட்டைப் பற்றியதன்று. செல்வந்தருக்கு 2004இல் விதித்த தண்டனையும் வீட்டைப் பற்றியதன்று. திரும்பி வரும் உரிமை உண்டா இல்லையா என்று குடியினர் கேட்ட கேள்வி, இத்தனை தண்டனைகளுக்கும் நடுவே, விடையின்றி நின்றது.

கேள்விக்கு விடை கிடையாத இடத்திலே வேறு வழிகள் தலைதூக்கும். 2005ஆம் ஆண்டு சனவரியில், நகரின் சுயூகூய் வட்டாரத்து ஒழுங்கையொன்றிலே, வெளியேற மறுத்து நின்ற வீடொன்றுக்கு நள்ளிரவிலே தீ வைக்கப்பட்டது. எழுபது வயது கடந்த கணவனும் மனைவியும் அதிலே கருகி மாண்டனர். தீ வைத்தோர் இடிப்பு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த ஆட்கள் என்பது நீதிமன்றிலே நிரூபிக்கப்பட்டது. அவர்கள் கடுந் தண்டனை பெற்றனர். ஆனால், பேரம் பேசுபவனிடமே இடிக்கும் அதிகாரத்தையும் கொடுத்து வைத்த விதிகளை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

விதி மாறிய வரலாறு

அவ்விதிகளும் ஒரு நாள் கூண்டில் ஏறின. 2007ஆம் ஆண்டு வசந்தத்திலே சொங்சிங் நகரில் ஒரு தம்பதியர் வெளியேற மறுத்தனர். சுற்றியிருந்த மண்ணெல்லாம் பத்து மீட்டர் ஆழத்துக்கு வெட்டி எடுக்கப்பட, அவர்கள் வீடு மாத்திரம் மண்தூணின்மேல் தனித்து நின்றது. பலகையில் இறுகிப் பிடுங்க முடியாத ஆணி போன்றது என்று சீனர் அதனை ‘ஆணி வீடு’ என்பர். அப்படத்தை நாடே பார்த்தது. தனியார் சொத்துரிமையைப் பேசும் சட்டம் தேசியப் பேரவையில் நிறைவேறியதும் அதே மார்ச்சு மாதத்திலேதான்.

2009ஆம் ஆண்டு நவம்பரில் செங்டு நகரிலே, இடிக்க வந்தோர் முன்னிலையில் ஒரு பெண்மணி தன்னையே தீக்கிரையாக்கினார். அடுத்த மாதம் பெய்ஜிங் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஐவர் தேசியப் பேரவைக்கு மனு அனுப்பினர். 2001ஆம் ஆண்டு விதிகள் அரசியலமைப்புக்கும் சொத்துரிமைச் சட்டத்துக்கும் முரணானவை என்பது அம்மனுவின் சாரம். அரசை நோக்கி வாதாட அந்நாட்டில் எளிதான காலம் ஒன்று இருந்ததில்லை. எனினும் சட்டநூலையே ஆயுதமாக ஏந்தினர். அவர்களைப் போற்றுகிறோம்.

2011ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் பழைய விதிகள் ஒழிந்தன, புதியன பிறந்தன. நிலக் கம்பெனி குடியினரை எழுப்பும் வேலையிற் கலந்துகொள்ளலாகாது. முதலில் நட்டஈடு, பின்னரே வெளியேற்றம். நட்டஈடு, அதுபோன்ற வீட்டின் சந்தை விலையிலும் குறையலாகாது. நீரையும் மின்சாரத்தையும் வெட்டி மக்களை விரட்டலாகாது. பலவந்தமாக வெளியேற்றுவதாயின் அரசாங்கம் நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பழைய நகர்ப்பகுதியைத் திருத்தும்போது, குடியினர் விரும்பினால், அதே இடத்தில் அல்லது அண்மையில் மாற்று வீடு கொடுக்கவேண்டும். கிழக்கு எட்டுத் தொகுதிகளின் மக்கள் கேட்டதற்கு மிக அண்மையான ஒன்று எட்டாண்டு பிந்திச் சட்டமாயிற்று!

ஷங்காய் நகரம் இன்னும் ஒருபடி சென்றது. பழைய பகுதியொன்றைத் திருத்த நூற்றுக்குத் தொண்ணூறு குடியினர் முதலில் இசையவேண்டும். பின்னர் நட்டஈட்டு ஒப்பந்தத்தில் குறைந்தது நூற்றுக்கு எண்பது பேர் ஒப்பமிட்டால்தான் அது செல்லுபடியாகும் என்று 2011ஆம் ஆண்டிலே விதித்தது. சுவரில் ‘இடி’ என்று எழுதிவிட்டுப் போன அதிகாரி, இனிக் கதவைத் தட்டி ஒப்பம் கேட்க வேண்டியவனானான். இந்த மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

ஆயினும் இரண்டு ஓட்டைகளை நாம் காண்கிறோம். எவை ‘பொது நன்மை’ என்று அடுக்கும் பட்டியலிலே பழைய நகர்ப்பகுதியைத் திருத்துவதும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வீதிக்காக வீட்டை எடுப்பதும், கடைத்தெருவுக்காக எடுப்பதும் ஒரே சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளலாம். இரண்டாவது, நூற்றுக்கு எண்பது என்ற கணக்கு. அரசாங்கத்தின் வற்புறுத்தலை அயலவரின் வற்புறுத்தல் ஆக்கிவிடும் வல்லமை அதற்கு உண்டு. “உன் ஒரு கையொப்பத்தால் எங்கள் எல்லோர் பணமும் தடைப்படுகிறதே” என்று நாற்பதாண்டு அயலவன் வாசலில் வந்து நிற்பான். பெரும்பான்மையின் இசைவு மாத்திரம் சிறுபான்மையின் நியாயத்துக்குப் போதிய காவலாகாது. இதனை நாம் உங்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இடிக்காமலே எழுப்புதல்

முதலிற் குறிப்பிட்ட இடத்துக்குத் திரும்புவோம். கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு கூடிய வீடு இன்று போற்றிக் காக்கப்படுகிறது. அதனை அடுத்த ஒழுங்கைகள் ‘சின்தியன்தி’, அதாவது ‘புதிய வானும் பூமியும்’ என்ற பெயரில் 2001ஆம் ஆண்டில் உணவுச்சாலைகளும் கடைகளும் நிறைந்த உல்லாசத் திடலாகத் திறக்கப்பட்டன. கல்நிலைகளையும் வெளிச்சுவர்களையும் காத்தனர். உள்ளே வாழ்ந்த மக்களை அகற்றினர். ஏழையின் ஆட்சிக்கென்று கட்சி பிறந்த ஒழுங்கையின் பக்கத்திலே ஏழை குடியிருக்க இடமில்லை!

2022ஆம் ஆண்டு யூலையில், தொகுதி தொகுதியாக நின்ற பழைய ஒழுங்கை வீடுகளைத் திருத்தும் பணி முடிந்துவிட்டதென்று ஷங்காய் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், முன்னர் சொன்ன சிங்-ஆன் வட்டாரத்திலேயே, ‘சாங் தோட்டம்’ என்னும் பழைய குடியிருப்பின் ஒரு பகுதி உலகின் விலையுயர்ந்த ஆடை அணிகலக் கடைகளுடன் திறக்கப்பட்டது. முன்போல இருளில் நடந்ததன்று. குடியினர் பெரும்பாலோர் ஒப்பமிட்டு, நட்டஈடு பெற்றே சென்றனர். கட்டடங்களை இடிக்கவுமில்லை. ‘எடு, ஆனால் இடிக்காதே’ என்பதே அங்கே கொள்கை. சுவரில் எழுத அந்தப் பழைய எழுத்துக்கூட இப்போது தேவைப்படவில்லை. வாயில் நிற்கிறது; முற்றம் நிற்கிறது; வாழ்ந்தவர் இல்லை.

நண்பர்களே! இதுவே நாம் இன்று சொல்ல வந்தது. வீடு என்பது சுவரும் கூரையும் மாத்திரமாயின் நட்டஈடு கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம். ஆனால், நோயுற்றால் எட்டிப்பார்க்கும் அயலவள், கடனுக்குச் சாமான் தரும் கடைக்காரன், நடந்து போகக்கூடிய பள்ளிக்கூடம், தொழிலுக்குச் செல்லும் குறுக்குவழி, இவையெல்லாம் வாசலோடு சேர்ந்தவை. சட்டம் முதலிலே தலையை எண்ணிற்று. பின் செங்கல்லை எண்ணிற்று. இன்று சந்தை விலையை எண்ணுகிறது. வாசலை இன்னும் எண்ணக் கற்கவில்லை.

ஆதலால், எந்த நாட்டில், எந்த ஆட்சியில், ‘அபிவிருத்தி’ என்ற பெயரால் ஒரு குடியிருப்பை எழுப்ப வந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். இதனை முடிவு செய்தபோது அங்கு வாழ்பவனின் வாய் திறக்க இடமிருந்ததா? நிலத்தின் விலை ஏறும்போது அவனுக்கும் அதில் பங்கு உண்டா? அவன் விரும்பினால் திரும்பி வரலாமா? இம்மூன்றுக்கும் சட்டநூலில் விடை எழுதப்பட்டிருக்கவேண்டும். அதிகாரியின் நல்ல மனத்தில் எழுதப்பட்டிருந்தாற் போதாது.

சட்டம் பயிலும் இளைஞர்களுக்குத் தனியே ஒரு சொல். செங் என்சோங் 2006ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சிறையிலிருந்து வெளிவந்தார். அதன் பின்னும் காவலும் கண்காணிப்பும் அவரை விட்டு நீங்கவில்லை. அவர் செய்ததெல்லாம் அச்சிட்ட விதிகளை அவை யாருக்காக அச்சிடப்பட்டனவோ அவர்களுக்கு வாசித்துக் காட்டியதே. அவ்வேலை எந்த ஊரிலும் எளியது. எந்த ஊரிலும் ஆபத்தானது. நாளை உங்களிடம் ஒரு கிழவி மடித்துக் கசங்கிய ஒரு பத்திரத்தோடு வருவாள். அதனை விரித்து, முழுவதும் வாசித்து, அவளுக்கு விளங்கும் மொழியிலே சொல்லுங்கள். வழக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.